பொறுங்க, சொல்றேன்

என் அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவளுடைய இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அதையும் திட்டித் திட்டியே நடக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா? நீ எழுதியதும், என் பேச்சைச் சரிசெய்து அனுப்பிய ஒலிப்பதிவும் கிடைத்தன. பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது, அப்பாவுக்குக் கோபமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை. மாமா சொன்ன பாதிக் கதையைக் கேட்டுவிட்டு நீ உதவிக்கு ஓடி வந்திருக்கிறாய், மீதிப் பாதியை நான் சொல்கிறேன், வேலையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

பஸ் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் எனக்கு இது இருபத்தேழாவது வருஷம். எந்த பேரிங் கேட்டாலும், அது இருக்கும் அலமாரியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். தலைமைக் காப்பாளர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் எனக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். மேலாளர் கூப்பிட்டார், என்றும் இல்லாத மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டார், அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. “உங்க வேலையில ஒரு குறை சொல்ல முடியாது, ஆனா திங்கக்கிழமை மீட்டிங்ல நின்னு பேசணுமே, உங்களுக்கு எதுக்கு அந்தச் சங்கடம்” என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், முதல் எழுத்திலேயே தொண்டை பூட்டிக்கொண்டது, அவர் கடிகாரத்தைப் பார்த்தார், “பரவாயில்ல, பரவாயில்ல” என்று முதுகில் தட்டிக் கதவுவரை கொண்டுவந்து விட்டார். என்னைவிட ஆறு வருஷம் பிந்தி வேலைக்கு வந்தவருக்கு அந்த நாற்காலி போனது. பள்ளிக்கூடத்தில் திக்குவாய் என்று கூப்பிட்டபோதெல்லாம் வராத கோபம், ஐம்பத்து மூன்று வயதில் அந்தப் ‘பரவாயில்ல’யைக் கேட்டு வந்தது.

அந்த வாரம் ஒரு மெக்கானிக் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு காதில் எதையோ மாட்டித் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன என்று சைகையில் கேட்டேன். “பாட்காஸ்ட் சார், ரேடியோ மாதிரி, ஆனா யார் வேணாலும் பேசலாம், யாரும் தடுக்க மாட்டாங்க” என்றார். அந்த ‘யார் வேணாலும்’ வீடுவரை என்கூடவே வந்தது. மறுநாளே செல்போன் பழுது பார்க்கும் கடையில் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய மைக் ஒன்றை வாங்கினேன். நீ விட்டுப்போன, இரண்டு பட்டன் விழுந்த லேப்டாப் இருந்தது. உடைந்த மேசை விளக்கின் கை மைக்குக்குத் தாங்கியானது. எதிரொலி வரக்கூடாதே என்று, பணிமனையில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட பஸ் சீட்டுகளின் பஞ்சை முறைப்படி ரசீது போட்டு வாங்கிவந்து உன் பழைய அறையின் சுவர் முழுக்க ஒட்டினேன். முதல் நாள் அந்த அறைக்குள் நுழைந்தால் நாற்பது பயணிகளோடு நிற்பது போல வாடை, அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அத்தனையையும் பிய்த்து எடுக்கவைத்து, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மொட்டைமாடியில் மூன்று நாள் காயவைத்த பிறகுதான் மறுபடி ஒட்ட விட்டாள். ‘ப’ என்று சொல்லும்போது காற்று மைக்கில் போய் அடிக்கும், மற்றவர்களுக்கு ஒரு ‘ப’ என்றால் எனக்கு ஏழெட்டு, அதற்காக ஒரு டீ வடிகட்டியில் துணியைக் கட்டி முன்னால் நிறுத்தினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வை சொட்டச் சொட்டப் பேசினேன். அதற்கு வைத்த பெயர்தான் ‘பொறுங்க, சொல்றேன்’. வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அது, அதற்குப் பிறகு சொல்ல வந்ததைச் சொல்ல விட்டவர்கள்தான் குறைவு.

முதல் பதிவில் என் பெயரைச் சொல்லவே இருபத்திரண்டு வினாடி ஆனது. திக்குகிறவனுக்குச் சொந்தப் பெயரைவிடக் கஷ்டமான வார்த்தை கிடையாது, அதற்குப் பதிலாக வேறொரு வார்த்தை போட்டுத் தப்பிக்க முடியாதே. அதை வெட்டாமல் அப்படியே விட்டேன். பிறகு, நம் வீட்டு நிறுத்தத்தின் பெயர் வாயில் வராததால் அதற்கு அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கி, பதினோரு வருஷம் தினமும் திரும்பி நடந்து வந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கே அது தெரியாது, நடப்பது உடம்புக்கு நல்லது என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் சாயங்காலம் வந்து “சொல்லியிருந்தா நான் மாதப் பாஸ் எடுத்துக் கொடுத்திருப்பேன்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதை இணையத்தில் ஏற்றிய பிறகு நடந்ததுதான் மாமா உன்னிடம் சொன்னது. பணிமனைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்த இருபத்திரண்டு வினாடியை மட்டும் வெட்டி, பின்னால் கிளம்பாத எஞ்சின் சத்தத்தைச் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றி மாமாவிடமும் போய்விட்டது. “மச்சான், இந்த வயசுல இது தேவையா, வாய மூடிட்டு இருந்தவரைக்கும் மரியாதையா இருந்தீங்க” என்று வீட்டுக்கே வந்து கத்தினார். அவர் போன பிறகு சுவரில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பொய் சொல்வானேன், பிய்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் டீ இடைவேளையில் எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்து நின்று, அது நான்தான், முழுசாகக் கேட்டீர்களா என்று கேட்டேன். நான்கு வார்த்தைதான், ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒருவர் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து மறுபடி முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை, டீ ஆறியதுதான் மிச்சம்.

இந்த மீதிக் கதையை அறியாமல் நீ பாசத்தோடு என் பதிவை இணையத்திலிருந்து எடுத்து, இடைவெளிகளையும் திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளையும் வெட்டி, நாற்பத்தொரு நிமிஷத்தைப் பத்தொன்பதாக்கி, இப்போது கேளுங்கள் அப்பா, யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று அனுப்பியிருந்தாய். கேட்டேன். ஆசையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். மூன்று தடவை கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “யாரு இந்த ஆளு, உங்க குரல்ல பேசறான்” என்றாள். நான்தான் என்று சொன்னேன். “இவனோடயா நான் முப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன், நல்ல கதையா இருக்கே” என்று உள்ளே போய்விட்டாள். அதனால் கண்ணு, அதை நான் வெளியிட மாட்டேன். நீ ஏழு வயதிலிருந்து எனக்காகக் கடையில் பேசினாய், நான் இழுக்கும் வார்த்தையை முடித்து வைத்தாய், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் பெயிண்ட் கடையில் நான் “ப... ப...” என்றபோது நீ முந்திக்கொண்டு பழுப்பு என்றாயே, நான் கேட்க வந்தது பச்சை. திருத்தச் சோம்பல்பட்டு வீடு முழுக்கப் பழுப்படித்துவிட்டு அதற்குள்ளேயே குடியிருக்கிறேன். மற்றவர் முடித்து வைத்த வார்த்தைகளோடு குடித்தனம் பண்ணியது போதும். நான் திக்கும் நேரத்தில் சும்மா இல்லை, பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், அதுவும் என் பேச்சுதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவசரமாகப் போகவேண்டியவர்கள் போகட்டும்.

இன்னொன்றும் கேள். அந்தக் கேலித் துண்டு கைமாறிக் கைமாறித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவரிடம் போயிருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது. அவர் சிரிக்கவில்லை, தேடிப்பிடித்து முழுதும் கேட்டு, பதிவின் முடிவில் நான் சொல்லும் எண்ணுக்குக் கூப்பிட்டார். எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும். யாரோ விளையாடுகிறார்கள், வைத்துவிடுங்கள் என்று அம்மா சைகை காட்டினாள். எனக்குத் தெரியாதா அந்த மூச்சு, நான் வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து, “நானும்தான்” என்றார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை, இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தார். உயரத்தில் தனிக்கூண்டு, யாரோடும் பேசவேண்டாம் என்பதற்காகவே அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாராம், கீழேயிருந்து வயர்லெஸ்ஸில் கேட்டால் ஆமாம் என்பதற்கு இரண்டு தட்டு, இல்லை என்பதற்கு ஒரு தட்டு, முப்பது வருஷமாக இதுதான் அவர் பாஷை. என் அறையில் அவர் இரண்டு மணி நேரம் பேசினார், நான் ஒரு வார்த்தையைக்கூட முடித்து வைக்கவில்லை. ஒரு வினாடியும் வெட்டாமல் வெளியிட்டுவிட்டேன். கிடங்கில் அந்தப் பதவி இன்னும் எனக்குப் பிந்தி வந்தவரிடம்தான் இருக்கிறது, ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், கூப்பிடும்வரை வாராவாரம் எழுதிக் கொடுப்பேன்.

உனக்கு ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். அப்பாவுக்குக் கடிதம் எழுதுவதில் பிரியம் என்று நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய். பிரியம் இல்லையம்மா, பயம். காகிதத்தில் எனக்குத் திக்காது. போனில் நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், ஆறு வருஷமாக உன்னோடு நான் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான். வருகிற ஞாயிறு காலை உனக்கு நானே போன் செய்வேன், அம்மாவிடம் தரமாட்டேன். சொல்ல நிறைய இருக்கிறது, நேரம் ஆகும், மாப்பிள்ளையிடம் சொல்லி வை. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு, யாருக்கும் தலைகுனியாமல் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். போனில் நான் நின்றுபோனால் தொடர்பு அறுந்துவிட்டது என்று வைத்துவிடாதே, நான் அங்கேதான் இருப்பேன்.

என்றும் உன்,
அப்பா