உதட்டில் ஒட்டும் பக்கம்

மார்ச் 3 — 07:10
நிலாவின் மறுபக்கம், வானப் புகைப்பட நிலையம். பணியில் இருப்பது ஆவுடைநாயகி, நான் ஒருத்திதான். மின்னணுக் கேமராக்கள் இங்கே கதிர்வீச்சில் கெட்டுவிடுவதால் பழைய முறை: கண்ணாடித் தகடு, அதன் ஒரு பக்கம் ஒளியைப் பதிக்கும் ஜெலட்டின் மருந்து, இருட்டறை. வானத்தின் ஒரே துண்டை நீல ஒளியில் ஒரு தகடு, புற ஊதாவில் ஒரு தகடு எடுக்கிறேன். புற ஊதாவில் மட்டும் பருத்துத் தெரியும் புள்ளி குவாசராக, வெகு தொலைவில் எரியும் விண்மீன் மண்டலக் கருவாக, இருக்கலாம். வழக்கமாக மூன்று தேறினாலே பெரிது. இப்போது தகட்டுக்கு நாற்பது!

மார்ச் 5 — 18:40
பூமியில் கொண்டாட்டமாம். இயக்குநர் அதற்குள் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவிட்டார். முதல் பெட்டித் தகடுகள் சரக்குக் கலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன.

இருட்டறையில் ஒரு வீச்சம். ஊறவைத்து மறந்த துணியின் வீச்சம். தகடு கழுவும் தண்ணீர் என் வியர்வையும் சிறுநீரும் வடிகட்டித் திரும்பி வருவதுதான். அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

மார்ச் 6 — 09:25
பழைய தகடு ஒன்றை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புள்ளிகள் கூடியிருக்கின்றன. எடுத்து முடித்த படத்தில் நட்சத்திரம் எப்படிப் பெருகும்? நுண்ணோக்கியில் வைத்தேன். புள்ளிக்கு மயிர் முளைத்திருக்கிறது. சீ! நெகட்டிவில் நட்சத்திரமும் கறுப்பு, இந்தப் பூஞ்சையும் கறுப்பு. ஜெலட்டினைத் தின்று கொழுத்ததையெல்லாம் குவாசர் என்று எண்ணித் தொலைத்திருக்கிறேன்.

மார்ச் 6 — 11:50
வாந்தி. இருட்டில் மருந்துப் பக்கம் எது என்று பார்க்கத் தகட்டின் மூலையை ஈர உதட்டில் வைப்போம். ஒட்டினால் அதுதான். கழுவிய தகட்டை நகலெடுக்கும்போதும் அப்படித்தான். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். அடியில் கறுப்புப் புள்ளிகள். ரத்தம் வரத் தேய்த்தும் போகவில்லை.

கீழே பூமியில் தகடுகளை நகலெடுப்பவன் பிலவேந்திரன். அவனுக்கு அனுப்பினேன்: "பிலவேந்திரா, பெட்டியைத் திறக்காதப்பா. தகட்டை வாய்கிட்டயே கொண்டுபோகாத." எந்தச் செய்தியும் இயக்குநர் அலுவலகம் வழியாகத்தான் போகும்.

மார்ச் 6 — 16:30
இயக்குநரிடமிருந்து: "பூஞ்சைன்னு ஒரு வார்த்தை வெளியில வரக் கூடாதும்மா. அறிவிச்சாச்சு. நீங்க ரெஸ்ட் எடுங்க. பிலவேந்திரன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

த்தூ. பூஞ்சையைவிட இந்த ஆள்தான் எனக்கு அருவருப்பு.

மார்ச் 8 — 08:05
நாக்கு தடித்துவிட்டது. சோறு இறங்கவில்லை, பசி மட்டும் வயிற்றைக் கிள்ளுகிறது. இருட்டறைக் கதவைத் திறந்தாலே எச்சில் ஊறுகிறது. அந்த வீச்சத்துக்கு. எனக்கு.

மார்ச் 9 — நேரம் பார்க்கவில்லை
கையில் தகடு இருந்தது. நக்கிக்கொண்டிருந்தேன். பாதி வானம் காணோம். வெறும் கண்ணாடி. என்னைக் கண்டுபிடிப்பவர்கள் இங்கே எதையும் தொட வேண்டாம்

பிலவேந்திரனிடமிருந்து வந்தது: "அக்கா, நகல் எல்லாம் முடிச்சு ஆறு நாட்டுக்கு அனுப்பியாச்சு. நீங்க ஏதோ செய்தி அனுப்பினீங்களாமே, சார் அப்புறம் சொல்றேன்னார். ஒண்ணு கேட்கட்டா, சிரிக்கக் கூடாது. அந்தத் தகட்டு வாசனைக்கு ஏன்க்கா இப்படிப் பசிக்குது?"