ஐம்பத்தெட்டாவது சிடி

முருகன் துணை

ஜங்லிகாட்
4.6.2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

முருகன் புண்ணியத்தில் இங்கே நலம். ஹட் பேயில் மழையில் நனைந்துகொண்டு ரோடு வேலையை மேற்பார்வை பார்க்க நிற்காதீர்கள். அங்கே செல்போன் டவர் விழுந்ததில் ஒரு நல்லது, பல வருடம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்க்கிறேன்.

உங்கள் சிடி அலமாரியைத் திறந்தேன். உப்புக்காற்றில் பாதிக்குப் பூஞ்சை. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிக்கண் அளவு ஓட்டைகள். மனசு கேட்கவில்லை. பழைய கம்ப்யூட்டரில் வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டு, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, புது சிடியில் ஒன்று என்று பிரதி எடுக்கிறேன். நோட்டில் எண் போட்டு, கடைசி நொடி வரை கேட்ட பிறகுதான் டிக். இதுவரை முப்பத்தொன்று ஆயிற்று. சிரிக்காதீர்கள்.

நீங்கள் ரெக்கார்டரில் பிடித்த பஜனைப் பாட்டுகளில் தம்பி குணாவின் குரல் எங்காவது இருக்குமா? அவனைக் கடல் கொண்டுபோய் ஆறு வருடம். புயல் எச்சரிக்கை போட்ட நாளில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு டிங்கிப் படகை எடுத்தானே! நேற்று மார்க்கெட்டில் அவன் பெண்டாட்டி, அந்த ரூபா, “அண்ணி” என்று கூப்பிட்டாள். மீன் விலை கேட்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கப்பலில் வேலை பார்க்கும் வெள்ளைச்சாமி அண்ணன் கையில் ஊறுகாயும் இதுவும்.

உங்கள்
அமிர்தம்

*

ஹட் பே
9.6.2024

அன்புள்ள அமிர்தத்துக்கு,

ஊறுகாய் வந்தது. என் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர் இருப்பதாக இங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒரு விஷயம். கடையில் வாங்கியவற்றை மட்டும் பிரதி எடு. நான் பதிவு செய்தவை பச்சை உறையில் இருக்கும். அவற்றில் ஒலி சரியில்லை, அப்படியே விடு. ஒவ்வொன்றையும் கடைசி வரை கேட்பதும் வீண் வேலை. பாட்டு ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

மறக்காதே. பச்சை உறையைத் தொடாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்
ஈஸ்வரன்

*

முருகன் துணை

ஜங்லிகாட்
17.6.2024

நமஸ்காரம்.

உங்கள் கடிதம் இரண்டு நாள் தாமதமாக வந்தது. அதற்குள் ஐம்பத்தெட்டை முடித்துவிட்டேன். பச்சை உறைதான்.

குணா பாடினான். விளக்கேற்றி வைத்து உட்கார்ந்து கேட்டேன். பாட்டு முடிந்தது. ரெக்கார்டரை நிறுத்த மறந்திருக்கிறீர்கள். பிறகு வருவதை இரண்டு முறை கேட்டு, நோட்டில் எழுதியபடியே இங்கே எழுதுகிறேன்.

“மாமா, ஜெட்டியில புயல் போர்டு போட்டிருக்கான். சமுந்தர் ஏக்தம் கராப், அலை ஆளுயரம் அடிக்குது.”

“அரே, இந்த சீசன்ல தினம்தான் போர்டு. ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுக்கு இன்னைக்கு டைல்ஸ் போகலேன்னா என் கான்ட்ராக்ட் போச்சு மாப்ளே. உனக்கென்ன, கடல்ல பொறந்தவன்.”

“ரூபா கத்துவா.”

“கத்தட்டும். எங்க போறேன்னு அவகிட்ட மூச்சு விடாத. நான் அனுப்புனேன்னு எவன்கிட்டயும் சொல்லாத.”

அப்புறம் கதவுச் சத்தம்.

நான் மெயின்லேண்டில் கல்யாணத்துக்குப் போயிருந்த நாள் அது. திரும்பி வந்தபோது என் அம்மாவிடமும் போலீஸிடமும் “எனக்குத் தெரியாமல் போய்விட்டான்” என்று அழுதுகொண்டிருந்தீர்கள். பதில் எழுதுங்கள்.

அமிர்தவல்லி

*

ஹட் பே
22.6.2024

அமிர்தம்,

பாடியதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் அன்றே சிடியில் ஏற்றினேன். பின்னால் கேட்டேன். எத்தனையோ தடவை உடைக்க எடுத்தேன். அவன் குரல் இருப்பது அது ஒன்றில்தான். கை வரவில்லை.

நான் அவனைக் கொல்லவில்லை. கடல் கொன்றது. இப்போது ஊருக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? பிரதிகளை அழித்துவிடு. நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. வெள்ளிக்கிழமை கப்பலில் வருகிறேன். அதுவரை யாரையும் வீட்டுக்குள் விடாதே. வெளியேயும் போகாதே. சொல்வதைக் கேள்.

ஈஸ்வரன்

*

முருகன் துணை

ஜங்லிகாட்
25.6.2024

நேற்று ரூபா வீட்டுக்குப் போனேன்.

“என்ன அண்ணி, ஆறு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா?” என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சிடியைப் போட்டேன். குணா பாடும்போது அவள் உதடும் கூடவே அசைந்தது. பாட்டு முடிந்ததும் நிறுத்த என் கை போனது. நிறுத்தவில்லை.

உங்கள் குரல் வந்தபோது அவள் சுவரைப் பார்த்தாள்.

“எங்க போறேன்னு கேட்டுத்தான் அண்ணி அன்னைக்கு சண்டையே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சட்டையைப் புடிச்சு இழுத்து வச்சிருப்பேன்.”

காலில் விழுந்தேன். தூக்கவில்லை. அதுதான் நியாயம்.

சிடியை அவள் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் ஜெட்டிக்கு வரமாட்டேன். ரூபா வருகிறாள். கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டாள், சொன்னேன். கூட யாரை அழைத்து வருகிறாள் என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு
குணாவின் அக்கா
அமிர்தவல்லி