தாயி என்றதற்கு ஒரு ஃபவுல்

உன் விசிலில் இன்னும் நீ மெல்லும் கிராம்பின் வாசனை இருக்கிறது. நீ போய் எட்டு மாதமாகிறது. "அக்கா, இத நீங்களே வச்சுக்கங்க" என்று உங்கள் நாகல் நகர் வீட்டு வாசலில் உன் தங்கை என் கையில் திணித்தபோது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை என் விசில் சரியாக ஊதாததால் உன்னுடையதைக் கழுத்தில் மாட்டினேன்.

பேஸ்கட்பால் நடுவருக்குப் பந்தைப் பார்ப்பது பாதி வேலைதான். மீதி, பெஞ்சில் இருக்கும் கோச்சைப் பார்ப்பது. "ஏலே, காலா அது, கட்டையா?" என்று அவர் தன் பையன்களைத் திட்டினால் விட்டுவிடுவோம். நம் பக்கம் திரும்பினால்தான் கணக்கு. "வாயை விட்ரு தாயி, கையைப் பாரு" என்பாய் நீ. என்னை நீ ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நம்மைப் பிரித்த அந்த இறுதி ஆட்டத்தில் நாம் இருவரும்தான் நடுவர்கள். முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, புள்ளிகள் சமம். ஒரு பையன் கோட்டை மிதித்ததற்கு ஊதினேன். அவனுடைய கோச் கோட்டோரம் வந்து நின்று, மூன்று முறை மெதுவாகக் கைதட்டி, குனிந்து கும்பிட்டார். "நல்லாப் பாத்த தாயி. நல்லா இரு." அவர் பெஞ்சே சிரித்தது. ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்திருந்தேன். நடுவரை அவமதித்ததற்கான டெக்னிக்கல் ஃபவுல் காட்டினேன். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அது விழுந்தது. அந்த ஒரு புள்ளியில் அவர் அணி தோற்றது.

நீ அவருக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாய்.

அவர் புகார் கொடுத்தார். சங்கத்தின் விசாரணையில் என் அறிக்கையை ஒருவர் உரக்கப் படித்தார். "தாயின்னாரு, கும்புட்டாரு, நல்லா இருன்னாரு. இதுக்கு ஃபவுலாம்மா? எங்க கோயில் பூசாரி தினமும் இதத்தான் சொல்றாரு. அவருக்கும் குடுப்பியா?" மற்றவர்கள் சிரித்தார்கள். தாளில் எழுதினால் அது ஆசீர்வாதம்தான். குரலை எப்படி எழுதுவது?

உன் பக்கம் திரும்பினார்கள்.

"கை தட்டினாராம்மா?"

"கவனிக்கல சார்."

"சரி, இந்தப் பொண்ண நீ எப்படிக் கூப்பிடுவ?"

என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "தாயின்னுதான் சார்."

ஓராண்டு என்னை எந்த ஆட்டத்துக்கும் அழைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில் அந்தக் கோச்சின் பள்ளியிலேயே உனக்கு விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு இது இல்லாட்டி வேற இருக்கு. எனக்கு என்னடி இருக்கு?" என்றாய். கையை உருவிக்கொண்டு ரெட்டியார்சத்திரம் பஸ்ஸில் ஏறினேன். பிறகு உன் போனை எடுக்கவில்லை. காய்ச்சலில் நீ பத்தே நாளில் போனபோதும் கடைசியாகத்தான் வந்தேன்.

போன ஞாயிறு என்னோடு புதுப் பெண் ஒருத்தி நடுவராக நின்றாள். ஒரு கோச்சுக்கு டெக்னிக்கல் கொடுத்தாள். "என் பையனத்தான் வஞ்சேன், அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லலைங்க" என்று அவர் சத்தியம் செய்தார். பக்கத்தில் நின்றவள் நான் என்பதால் போட்டி நடத்துபவர்கள் என்னைக் கேட்டார்கள். பார்க்க வந்தவர்கள் அடித்த மேளச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண் என்னையே பார்த்தாள். அன்று உன்னை நான் பார்த்ததைப் போலவே.

"கேட்டுச்சு சார். இவளத்தான் சொன்னாரு."

பார்த்ததைக் கவனிக்கவில்லை என்றவள் நீ. கேட்காததைக் கேட்டது என்றவள் நான். உனக்குச் சரியான பதில் சொல்லிவிட்டதாகச் செத்த நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவருக்கு மூன்று ஆட்டங்கள் தடை. "நீங்க இருந்ததால தப்பிச்சேன்க்கா" என்றாள் அந்தப் பெண். அவர் உண்மையில் யாரைத் திட்டினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அந்தக் கோச் என் அருகில் நின்றார். கை தட்டவில்லை, கும்பிடவில்லை. இரண்டு கைகளும் பை வாரைப் பிடித்திருந்தன.

"நல்லா இரு தாயி" என்றார்.

அது எந்தத் தாயி, நீ கூப்பிட்டதா, அன்று அந்தக் கோச் கும்பிட்டுச் சொன்னதா என்று எனக்குப் பிடிபடவில்லை. நீ பக்கத்தில் நின்றிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். சொல்லியிருக்கமாட்டாய்.