மச்சினனின் மெசின்

3, திங்கள்
வாடைக்காற்று. கண்ணெல்லாம் மண். ஆலையில் புது மெசின் ஓடத் தொடங்கியது. கடல்மண் கழுவின சேற்றைத் துணி போட்ட தட்டுகளுக்குள் அமுக்கித் தண்ணீர் பிழிகிறது. பிறகு தானே தட்டை விரித்துக் கட்டியைக் கொட்டுகிறது. நேற்றுவரை அந்தக் கட்டியைக் கம்பியால் நெம்பிச் சுரண்டினவர்கள் எல்லாம் வீட்டுக்கு. மிச்சம் இரண்டு பேர். தட்டுத் துணி கழுவ நான். மெசின் பார்க்க மனைவியின் தம்பி றசீன். இந்தக் கிழமை முழுக்கச் சரியாகப் பார்த்தால்தான் அவனுக்கு வேலை நிரந்தரம்.

"மச்சான், இனி மரியாதையாக் கதைங்க. நான் ஒப்பரேட்டர்."

"ஓம் ஒப்பரேட்டர். முதல்ல கால்சட்டைச் சிப்ப இழு."

4, செவ்வாய்
பல்வலி. சவர்க்காரம் வாங்கணும்.
மெசினின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று. குறுக்கே கை போனால் மெசின் நின்றுவிடும், கை நசியாமல். பின்பக்கமிருந்து விளக்குமாற்றுக் காம்பை நீட்டினேன். நின்றது. கத்தியது. றசீன் ஓடின ஓட்டம்! வயரைப் பார்க்கிறான், முகட்டைப் பார்க்கிறான், பிஸ்மி சொல்கிறான்.

"மச்சான், நான் ஒண்டையும் தொடல்ல!"

"உன்ட மூஞ்சியக் கண்டு பயந்திட்டு மனே."

பின்னேரமும் நீட்டினேன்.

5, புதன்
பல் அப்படியே. காம்புக்கு இன்றும் நல்ல வேலை. மெசின் நின்றதற்கு ஆலையின் இளம் இஞ்சினியர் மற்றப் பகுதி ஆட்களுக்கு முன்னால் றசீனை ஏசினார். ஈரத் துணிக்குள் முகத்தை வைத்துச் சிரித்தேன். வயிறு நோகிறது.

6, வியாழன்
றசீனை நிறுத்திவிட்டார்கள். முன்பே தோள் மூட்டு விலகினவன், வலை இழுக்க ஏலாது. தோணிக்காரர் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். இருந்தது இது ஒன்றுதான்.
மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு வந்தான். மனைவி சோறு வைத்தாள். சாப்பிடாமல் அழுதான்.

"நீங்க பக்கத்தில நிண்ட ஆள்தானே மச்சான். இஞ்சினியருக்கிட்ட ஒரு சொல் சொல்லுங்க."

"சொல்றன்டா. அழாத, கறிக்கு உப்புக் கூடிரும்."

8, சனி
தூறல். இஞ்சினியர் அறைக்குப் போனேன். வாய் திறக்க முன் அவரே, அண்ணன் முறை வைத்து:

"பாத்தீங்களா காக்கா? உங்கட மச்சினன் போன பொறகு மெசின் ஒருக்காவும் நிக்கல்ல. இனி மெசின நீங்களே பாருங்க."

உண்மை நாக்கு வரை வந்தது.

"ஓம் தம்பி."

ஆலைக் கேற்றுக்கு வெளியே றசீன். பெருநாள் சட்டை போட்டு.

"என்ன மச்சான் சொன்னாரு?"

"யோசிக்கிறாராம்."

சைக்கிளில் ஏறினேன். எதிர்க்காற்று. கொஞ்சத் தூரம் பின்னால் வந்து கரியரைப் பிடித்துத் தள்ளிவிட்டான்.