மாடிப் படுக்கையறை ரேடியேட்டர்

நவம்பர் 12, செவ்வாய்

இன்றும் காலையில் ரேடியேட்டர் குழாய் அடிக்க ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர் வால்டர் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் கண்ணை மூடினார். டங், டங், டடாங். சுவருக்குள் யாரோ சம்மட்டியோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி. எழுந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"டெஸ், நேத்து மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். கூட வேலை செய்யுற ஜோ பிடிச்சு இழுக்கலேன்னா கை உள்ள போயிருக்கும்."



நவம்பர் 13

பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்க ஆவி அனுப்பும் பாய்லரைப் பார்த்தேன். தண்ணீர் மட்டம் சரி. ரசமட்டத்தை எடுத்துவந்து எங்கள் கீழ்வீட்டில் அந்த ஆவி வந்து அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர் ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். எல்லாம் வால்வு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், ஆவி குளிர்ந்த தண்ணீர் வடிந்து திரும்ப. கூடத்தில் இருப்பது மட்டும் சாய்வில்லாமல் நின்றது. அதன் மறுபக்கக் காலுக்கடியில் மரச்சில்லு சொருகினேன். அந்த இரும்பைத் தூக்கியதில் என் இடுப்பு போயிற்று.

நவம்பர் 14

அடிக்கிறது.

நவம்பர் 16, சனி

இது மாடியில் இருக்கும் என் தம்பி காஸின் வேலையோ? சூடு பத்தவில்லை என்றால் மாடிக்காரர்கள் குழாயைத் தட்டுவது எங்கள் பஃபலோ ஊரில் எந்த வீட்டிலும் உண்டு. கோபத்துக்கும் தட்டுவார்கள். அவன் பெண்டாட்டி லொரெய்ன் ஏப்ரலில் இறந்துபோனாள். செப்டம்பரில், "அவ துணியெல்லாம் மூட்டை கட்டிடலாமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அன்றிலிருந்து பேச்சில்லை.

மறுபடி அடித்தபோது நானும் கரண்டியை எடுத்து ரேடியேட்டரை நாலு சாத்து சாத்தினேன். படுக்கையிலிருந்து வால்டர், "நீயுமா?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

நவம்பர் 18

வால்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். "மாசக் கடைசி வான்கோழி விருந்து நாள் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நிக்கலேன்னா என் அக்கா வீட்டுக்குப் போயிடலாம். இங்க இருந்தா நான் பொழைக்க மாட்டேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் காஸை இந்த வீட்டில் ஒண்டியாக விட்டுவிட்டா? இப்போதே டப்பா சூப்பைச் சுடவைக்காமல் குடிக்கிறான். யாரைப் பார்க்கிறது நான்? முடியல. சத்தியமா முடியல.

நவம்பர் 19

பிளம்பர் வந்தார். கீழே குறையில்லையாம். "மேல வால்வை யாராவது பாதியில வெச்சிருக்காங்களா பாருங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

பாதியிலா? எங்கள் வீட்டில் ஆவி ஏறுவதும் தண்ணீர் இறங்குவதும் ஒரே குழாய். வால்வு பாதி மூடியிருந்தால் தண்ணீர் வழியில்லாமல் தேங்கும், ஆவி வந்து அதைத் தூக்கி அடிக்கும். முழுக்கத் திறக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க மூட வேண்டும். இந்த வீட்டில் பிறந்த காஸுக்கு இது தெரியாதா என்ன? அதனால்தான் அங்கே பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் 20

ஒரு பாத்திரம் நிறைய கறி பொதிந்த முட்டைக்கோஸ் சுருள் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தான். ஷேவ் பண்ணி ஒரு வாரம் இருக்கும். சோபாவில் தலையணை, போர்வை. படுக்கையறை சாத்தியிருந்தது.

"குழாயை ஏன்டா தட்டுறே?"

"நானா? நீதானே கீழேருந்து தட்டி என்னைத் திட்டிக்கிட்டிருக்கே!"

அப்படியென்றால் அவன் தட்டவில்லை; பிளம்பர் சொன்னது ஞாபகம் வந்தது. படுக்கையறைக்குள் போனேன். வால்வு பாதியில்தான் நின்றது. கையை நீட்டினேன்.

"தொடாதே."

"காஸ், இது—"

"தெரியும். கடைசி வாரம் அவ, ரூம் கொதிக்குதுன்னா. மூடினா குளிருதுன்னா. 'பாதி வையேன்'னா. பாதி வெச்சா அடிக்கும்னு எனக்குத் தெரியாதா? அடிச்சா அடிக்கட்டும்னு வெச்சேன். அவ கேட்டு நான் செஞ்ச கடைசிக் காரியம் டெஸ் அது."

வால்டரின் கை மெஷினுக்குள் போகப் பார்த்ததைச் சொன்னேன். நாங்கள் போகவேண்டி வரும் என்றும் சொன்னேன்.  ஒரு திருப்பு திருப்பினால் வேலை முடிந்தது. எனக்குக் கை வரவில்லை. பாத்திரத்தை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நவம்பர் 22

அடிக்கிறது. அக்காவுக்குப் போன் பண்ணுங்கள் என்று வால்டரிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் முழங்கால் வரை பனி. வாரிப் போட வாசலில் நின்றபோதுதான் உறைத்தது — பாய்லர் ஓடுகிறது, சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். இந்தக் குளிரில் மாடிப் படுக்கையறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. காஸ் வெறும் பனியனோடு தலையை நீட்டினான். முகமெல்லாம் வேர்வை.

"வால்வை முழுசாத் திறந்துட்டேன் டெஸ்! ராத்திரி இங்கதான் படுத்தேன். அப்பப்பா, அடுப்புக்குள்ள படுத்த மாதிரி இருக்கு! லொரெய்ன் சொன்னது நெஜந்தான், இந்த ரூம் கொதிக்கத்தான் செய்யுது!"

அவள் போனபிறகு அவன் வாயால் அவள் பெயரை இன்றுதான் கேட்கிறேன். மண்வாரியைப் பிடித்துக்கொண்டு அழுதேனா சிரித்தேனா, தெரியவில்லை.

"கத்தாதேடா," என்றேன். "வால்டர் தூங்குறார்."