எரிமலைப் படிகளில் மைலின்

மார்ச் 25, திங்கள்

வீடு வந்து சேர்ந்தேன். நாலு வருடத்துக்குப் பிறகு. மைலின் என்னைப் பார்த்ததும் தெரசித்தா அக்காவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "யாரு வந்திருக்கா பாரு, உங்கம்மாடி!" என்று அக்கா தள்ளிவிட்டாள். ம்ஹும். ஞாயிறுதோறும் போன் திரையில் என்னைப் பார்த்து "அம்மா, அம்மா" என்று கத்துகிறவள் இவள்தானா? எட்டு மாதக் குழந்தையாக விட்டுவிட்டு ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போனவள் நான். அங்கே எஜமானியின் பிள்ளை என் இடுப்பைவிட்டு இறங்க மாட்டான்.

மார்ச் 26

நான் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். அக்கா ஊட்டினால் தட்டு காலி.

மார்ச் 27, புதன்

கிரிஸ்பின் அத்தான் கேலி செய்கிறார். "லோர்னா, நீ வாங்கிட்டு வந்த பொம்மைகூடப் பேசறா, உங்கிட்டதான் பேச மாட்டேங்கறா!" சிரிப்பு வந்தால்தானே சிரிக்க. இன்னும் எட்டு நாள்தான். ஏப்ரல் நாலு கிளம்பியாக வேண்டும். அதற்குள் ஒரே ஒரு தடவை, நேரில் என் முகத்தைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டால் போதும். பெரிய வெள்ளியன்று பழைய எரிமலையில் பதினாலு நிலை சிலுவைப் பாதை ஏறும்போது இதைத்தான் நேர்ந்துகொள்ளப் போகிறேன். உச்சி போகும்வரை வாயே திறக்க மாட்டேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

என்னைப்போல ஒரு மடச்சி உண்டா.

காலையிலேயே வெறுங்காலோடு ஏற ஆரம்பித்தோம். எங்கள் தீவு முழுக்கப் படிகளில்தான் இருந்தது. மைலின் முன்னால் ஓடினாள். அக்கா அதட்டிக்கொண்டே வந்தாள்: "ஓடாதடி! கர்த்தர் செத்த நாளு, இன்னிக்கு அடிபட்டா ஆறாது!" ஆறாவது நிலைக்குப் பக்கத்தில் விழுந்தேவிட்டாள். முட்டியில் ரத்தம். நான்தான் பக்கத்தில் இருந்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தவள் வீறிட்டு அலறி, என்னைச் சுற்றிக்கொண்டு அக்காவிடம் ஓடினாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?" அக்கா சீறினாள். "'வாடி கண்ணு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நேர்த்திக்கடன் கொறஞ்சா போயிடும்?"

அப்போதும் வாயைத் திறக்கவில்லை நான். எட்டு நிலை மிச்சம் இருந்ததே!

உச்சியில் பதினாலாவது நிலையில் ஜெபம் முடிந்ததும் ஒரு பாறைக்குப் பின்னால் போய் அக்காவின் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன்? தாங்க முடியல, அவ்வளவுதான்.

"அம்மா!" ஐயோ, அந்தக் குரல். "நாங்க எரிமலை மேல இருக்கோமே! எனக்கு ரத்தம் வந்துச்சு! அம்மா, ஒரு ஆண்ட்டி எங்ககூடவே வருது. பேசவே மாட்டேங்குது. பயமா இருக்கும்மா."

போனைப் பிடித்தபடியே வெளியே வந்தேன். மைலின் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். முகம் கோணிப்போயிற்று.

"எங்கம்மாவ எங்க வச்சிருக்கே?"

அத்தான்கூடச் சிரிக்கவில்லை. இறங்கி வந்துவிட்டோம்.

மார்ச் 31, ஈஸ்டர்

பூசைக்குப் போனோம். அக்கா இடுப்பில் அவள், பின்னால் நான்.

ஏப்ரல் 1, திங்கள்

காலையில் மைலின் தானாகவே வந்து என்னை அறைக்குள் தள்ளினாள். "நீ உள்ள போ." கதவைச் சாத்திவிட்டு வெளியிலிருந்து, "அம்மா?" என்றாள்.

"என்னடி கண்ணு?"

"சாப்டியா?"

ஞாயிற்றுக்கிழமை கேட்கிற கேள்வி எல்லாம் வரிசையாகக் கேட்டாள். நடுநடுவே கதவைத் திறந்து பார்ப்பாள், சாத்துவாள். ஐந்தாறு தடவை. கடைசியில் சாத்தவில்லை. பக்கத்தில் வந்து, நான் பேசப் பேச, விரலை என் வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். குரல் அங்கிருந்துதான் வருகிறதா என்று! அப்புறம் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "அம்மா" என்றாள். என் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

ஏப்ரல் 2

எழுத நேரமில்லை. இறங்க மாட்டேன் என்கிறாள்.

ஏப்ரல் 4, வியாழன்

பெனோனி துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கிறேன். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மைலினிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன். "அவ அழுதா நீ போகவே மாட்டே, அப்படியே நழுவிடு" என்று அக்கா சொன்னாள். சரிதானே? சரியா?

ஏப்ரல் 14, ஞாயிறு, ஹாங்காங்

போன ஞாயிறு மைலினுக்குக் காய்ச்சல் என்றார்கள். இன்றும் போனில் வரவில்லை. அக்கா போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் என்னடி பண்ணட்டும், லோர்னா," என்றாள் அக்கா. "போனைக் காட்டினா தட்டி விடறா. 'இது வேணாம், இது பொய் அம்மா'ங்கறா. கடைக்குப் போன நெஜ அம்மா வரணுமாம். சாப்பாடுகூட வாசப்படியிலதான்."

அடுத்த விடுப்புக்கு இன்னும் இரண்டு வருடம். மைலின், மைலின் என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவள் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.