கருக்கிய தாமரைக் கணு

சிங்தேசென்,
12 அக்டோபர் 1986

மருந்துக்கடை சூயிங் அம்மா அவர்களுக்கு,

என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். இந்த ஒரு பக்கத்தை மட்டும் படியுங்கள். உங்களை விட்டுவிட்டு என்னோடு வந்த கென்ஃபாவுக்கு இப்போது இருமினால் ரத்தம் வருகிறது. தினமும் காலையில் கிண்ணம் சிவந்துவிடுகிறது, ஒரு நாளும் தப்புவதில்லை. இருபது வருஷம் சூளையில் சுவாசித்த பீங்கான் தூசு என்கிறார் டாக்டர். தாமரைக் கிழங்கின் கணுவைக் கருக்கிக் கொடுத்தால் ரத்தத்தைக் கட்டும் என்று இங்குள்ள வைத்தியர் எழுதிக் கொடுத்தார். கடையில் வாங்கினால் வெறும் சாம்பல். உங்கள் கைப்பக்குவம் பற்றி அவரே சொல்லியிருக்கிறார்.

கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ருய்ஃபாங்


குவாங்சாங்,
23 அக்டோபர்

ருய்ஃபாங்குக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். கடையில் ஆள் நின்றதால் பைக்குள் வைத்துவிட்டேன்.

அரைக் கிலோ கணு அனுப்பியிருக்கிறேன். வெளியே கருத்து, உள்ளே பழுப்பாக இருக்கும். வேளைக்கு நான்கு. மூன்று கிண்ணம் தண்ணீர் ஒன்றாகச் சுண்டட்டும். சாப்பாடு இறங்காவிட்டால் தாமரை விதையைக் குழைய வேகவைத்துக் கஞ்சியில் போடு.

இது ரத்தத்தை நிறுத்தும், தூசியை எடுக்காது. ஆஸ்பத்திரியை விட்டுவிடாதே.

நான் அனுப்பியதாகச் சொல்லாதே. குடிக்க மாட்டார்.

சூயிங்


சிங்தேசென்,
9 ஜனவரி 1987

அக்கா,

கென்ஃபா போய் எட்டு நாளாகிறது. உங்கள் மருந்தால் ஒரு மாதம் ரத்தம் நின்றிருந்தது. எழுந்து உட்கார்ந்து சீட்டு விளையாடினார், என்னை ஏமாற்றி ஜெயித்தார். அப்புறம் மூச்சுதான் நின்றது.

நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. முதல் வாய் குடித்ததுமே, "யாரு வறுத்தது இது?" என்றார்.

"கடையில வாங்கினேன்."

"போடி! சூயிங் வறுத்ததுதான் இப்படி லேசாத் தித்திக்கும்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "அவ இடத்துல நான் இருந்திருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு கிண்ணத்தை நீட்டி, "மிச்சத்தையும் ஊத்து" என்றார்.

உங்களிடம் இதைச் சொல்லவேண்டும் போலிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

ருய்ஃபாங்


குவாங்சாங்,
18 ஜனவரி

தங்கை ருய்ஃபாங்குக்கு,

கையெழுத்தைப் பார்த்தாலே நீ தூங்கவில்லை என்று தெரிகிறது. தாமரை விதைக்குள் இருக்கும் பச்சைக் குருத்து அனுப்புகிறேன். வெந்நீரில் போட்டுக் குடி. கசக்கும், ஆனால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும்.

அவர் என்னை நல்லவள் என்று நினைத்துப் போயிருக்கிறார். நான் அப்படி இல்லை. முதலில் வறுத்ததை வேண்டுமென்றே உள்ளே வரை கரியாக்கினேன். பயன்படாது என்று தெரிந்தே பொட்டலம் கட்டித் தபால் ஆபீஸ் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது வரிசையை விட்டு விலகினேன். திரும்பி வந்து புதிதாக வறுத்து அனுப்பினேன். அதில் இரண்டு நாள் போய்விட்டது.

பொட்டலம் வருவதற்கு முந்தைய அந்த இரண்டு நாளும் அவர் ரத்தம் துப்பினாரா? அதை மட்டும் எழுது. மறைக்காதே.

சூயிங்


சிங்தேசென்,
27 ஜனவரி

அக்கா,

அந்த இரண்டு நாளும் அவருக்கு இருமலே இல்லை. நன்றாகத் தூங்கினார்.

உங்கள் தங்கை
ருய்ஃபாங்